எழுந்து நிற்க முடிகிறதா?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருவருக்குக் காசநோய் என்று உறுதியாகிறது. சளிப் பரிசோதனைச் சீட்டு கைக்கு வந்ததும் அங்குள்ள ஊழியர் அவரை எடை மெஷின்மேல் ஏற்றுகிறார். உயரம் அளக்கிறார். கணுக்காலுக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தி, குழி விழுந்து அப்படியே நிற்கிறதா என்று பார்க்கிறார். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுகிறார். விரல் நுனியில் கிளிப் மாட்டி ஆக்ஸிஜன் அளவைக் குறித்துக்கொள்கிறார். கடைசியாக, "எதையும் பிடிக்காம எழுந்து நில்லுங்க ஐயா" என்கிறார்.

அவ்வளவுதான். டாக்டர் தேவையில்லை, ரத்தம் எடுக்கத் தேவையில்லை. எடையையும் உயரத்தையும் ஒன்றாகக் கொண்டால் மொத்தம் ஐந்து சோதனைகள். இந்த ஐந்தில் ஒன்றில் தேறாவிட்டாலும் அவரை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரியில் முழுதாகப் பரிசோதிக்க வேண்டும், தேவைப்பட்டால் படுக்கையில் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இதைத்தான் செய்கிறது.

வரிசையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, இதில் ஆராய்ச்சி ஏதும் இருப்பதாகத் தோன்றாது. எடை பார்ப்பதும் எழுந்து நிற்கச் சொல்வதும் ஆராய்ச்சியா? ஆனால் பார்க்க வேண்டியவை ஏராளமாக இருக்கும்போது எந்த ஐந்தை எடுப்பது, எவற்றை விடுவது, யார் செய்வது, எந்த நாளில் செய்வது என்று முடிவுகட்ட அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட ஆய்வுகள் பின்னால் நிற்கின்றன. அந்த வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு சிகிச்சை பலன் தருகிறது என்று நிரூபிப்பது ஒரு வேலை. அதே சிகிச்சை, நூறு பேர் வரிசையில் நிற்கும் ஓ.பி.யில், இரண்டு நர்ஸ் லீவில் இருக்கும் நாளிலும் தப்பாமல் நடக்கும்படி செய்வது வேறொரு வேலை. முதலாவதற்குப் பரிசும் பாராட்டும் உண்டு, பத்திரிகையில் படம் வரும். இரண்டாவதற்குப் பெயரே வெகுநாள் இருக்கவில்லை. இப்போது 'நடைமுறையாக்க ஆய்வு' என்கிறார்கள். கொஞ்சம் கரடுமுரடான சொல்தான், என்ன செய்வது.

இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு காலம் வீணாகிறது என்று 2000-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் கணக்குப் போட்டார்கள். ஆராய்ச்சியில் விளைந்ததில் ஏழில் ஒரு பங்குதான் நோயாளியிடம் வந்துசேர்கிறது, அதற்கும் 17 ஆண்டு ஆகிறது என்பது அவர்களுடைய விடை. அன்றிலிருந்து அந்த 17 என்ற எண்ணை மேடைதோறும் சொல்கிறார்கள். எங்கிருந்து எண்ணத் தொடங்கி எங்கே முடிப்பது என்பதைப் பொறுத்து அது மாறும் என்பதால், நான் அதைக் கல்லில் செதுக்க மாட்டேன். தாமதம் உண்டு, அதுவும் நீண்ட தாமதம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

உதாரணத்துக்குக் காசநோயை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கண்டுபிடித்தல், கைவிடுதல், மறுபடி கற்றல் என்று இந்தக் கதையின் பல அத்தியாயங்கள் சென்னையிலேயே நடந்திருக்கின்றன.

புறநகர் ரயிலில் போகிறவர்களுக்குத் 'தாம்பரம் சானடோரியம்' ஒரு ஸ்டேஷன் பெயர். 1928-ல் அங்கே காசநோயாளிகளுக்காக ஓர் இல்லம் தொடங்கியது. மருந்தே இல்லாத காலம் அது. சுத்தமான காற்று, ஓய்வு, முட்டை, பால், ஊரை விட்டுத் தள்ளி ஒரு கட்டில்: இவைதான் வைத்தியம். 1940களின் பிற்பகுதியில் ஸ்ட்ரெப்டோமைசினும் அடுத்தடுத்து வேறு மருந்துகளும் வந்த பிறகும் உலகத்து டாக்டர்களின் மனத்திலிருந்து அந்தக் கட்டில் போகவில்லை. மருந்து சாப்பிட வேண்டும், அதைச் சானடோரியத்தில் படுத்துக்கொண்டு சாப்பிட வேண்டும் என்பதே வழக்கு. இந்தியாவில் காசநோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகள் சில ஆயிரம்தான். வழக்கப்படி போனால் பெரும்பாலோருக்கு வைத்தியமே இல்லை என்று அர்த்தம்.

1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. சேத்துப்பட்டில் இன்று இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வாரிசு. மையத்தை முன்னின்று நடத்தியவர் பிரிட்டிஷ் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். அவர்கள் கேட்ட கேள்வி நேரானது: இதே மருந்தை வீட்டில் இருந்துகொண்டு சாப்பிட்டால் என்ன ஆகும்?

நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து 193 நோயாளிகள் வந்தார்கள். யாருக்குச் சானடோரியம், யாருக்கு வீடு என்பதை டாக்டரும் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோலப் பிரித்தார்கள். ஏன் அப்படி? டாக்டர் தேர்ந்தெடுத்தால், தெரிந்தோ தெரியாமலோ முடியாதவர்களைக் கட்டிலுக்கும் தெம்பானவர்களை வீட்டுக்கும் அனுப்பிவிடுவார். பிறகு வீட்டில் இருந்தவர்கள் பிழைத்தால் அது வீட்டினாலா, தெம்பினாலா என்று சொல்ல முடியாது. இரு தரப்புக்கும் ஓராண்டு ஒரே மருந்து, ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்ஸும். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ், காற்றோட்டம். வீட்டில் நெரிசல், அரைவயிற்றுச் சாப்பாடு, எழுந்து நடமாட முடிந்ததும் வேலை.

ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதத்தினருக்கும் வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதத்தினருக்கும் நோய் அடங்கியிருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. இன்னொரு கேள்விக்கு விடை தெரிய ஐந்தாண்டு பொறுத்திருந்தார்கள்: வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றியதா? இல்லை. மருந்து தொடங்கிவிட்டால் வீட்டில் இருப்பவரால் கூடுதல் ஆபத்து இல்லை. 'தட்டு தனி, டம்ளர் தனி, திண்ணையில் படுக்கை' என்று ஆளைப் பிரித்து வைக்கும் பழக்கத்தை இன்றும் சில வீடுகளில் பார்க்கலாம். அதற்கு அறிவியலில் இடமில்லை என்று சென்னை சொல்லி அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிறது.

1959-ல் முடிவுகள் வெளிவந்தன. உலகம் இதை ஏற்றுக்கொண்ட வேகம் அபூர்வமானது. ஏழை நாடுகள் வீட்டுச் சிகிச்சையைக் கொள்கையாகவே வைத்தன, பணக்கார நாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1962-ல் இந்தியாவின் தேசிய காசநோய்த் திட்டம் இந்த அடித்தளத்தில்தான் தொடங்கியது. ஏற்றுக்கொள்ள ஏன் இவ்வளவு சுலபமாக இருந்தது? என் கணக்கில் காரணம் எளிது. இந்தச் சான்று அரசாங்கத்தைச் செலவு செய்யச் சொல்லவில்லை, செலவை மிச்சம் பிடிக்கச் சொன்னது. அப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு எந்த ஆபீசிலும் ஃபைல் சீக்கிரம் நகரும்.

அவசரத்தில் இரண்டு விஷயங்கள் கைநழுவின.

சென்னையில் 'வீட்டுச் சிகிச்சை' என்றால் மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டு மறந்துவிடுவது இல்லை. ஹெல்த் விசிட்டர்கள் வீட்டுக்குப் போனார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய் டப்பாவில் மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைப் பரிசோதித்து மருந்து உடம்புக்குள் போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். வராதவரைத் தேடிப் போனார்கள். 86 சதவீதம் என்ற எண்ணுக்குள் இந்த உழைப்பும் சேர்ந்திருந்தது. ஆனால் நாடு முழுக்கக் கொண்டுபோனபோது மாத்திரை போனது, இந்த உழைப்பு போகவில்லை. மூன்று நான்கு மாதத்தில் இருமல் நின்றதும் நோயாளிகள் மருந்தை நிறுத்தினார்கள். தேடிப் போக ஆள் இல்லை. 1992-ல் அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து திட்டத்தை மறுஆய்வு செய்தபோது, சிகிச்சையை முடிப்பவர்களே பாதிக்கும் குறைவு என்ற நிலை வெளிப்பட்டது.

இதற்கான மருந்தும் சென்னையிலேயே இருந்ததுதான் வேடிக்கை. 1960களின் தொடக்கத்தில் அதே மையம், வாரத்துக்கு இரண்டு முறை மட்டும், ஊழியர் கண்முன்னால் மருந்து கொடுத்துப் பார்த்தது. வேலை செய்தது. இந்த யோசனை ஊர் ஊராகப் போனது. டான்சானியாவில் 1970களின் இறுதியில் கரெல் ஸ்டிப்லோ என்ற டாக்டர் கண்முன் கொடுப்பதைத் தேசியத் திட்டத்தோடு இணைத்துக் காட்டினார். 1990களில் உலக சுகாதார நிறுவனம் அதற்கு 'டாட்ஸ்' என்று பெயர் சூட்டியது. 1993-ல் இந்தியாவில் முன்னோட்டமாகத் தொடங்கி, 2006-ல்தான் நாடு முழுவதையும் எட்டியது. சேத்துப்பட்டில் பிறந்த பிள்ளை ஆப்பிரிக்காவையும் ஜெனீவாவையும் சுற்றிவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியதுபோல.

கைநழுவிய இரண்டாவது விஷயம் சாப்பாடு. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆராய்ச்சியில் நடந்தது ஒரு மூட்டை என்று வைத்துக்கொண்டால், நாம் பெரும்பாலும் அதிலிருந்து கண்ணில் படும் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்தது இதற்குப் பொருத்தமானது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கழுத்திலோ நெஞ்சிலோ பெரிய ரத்தக் குழாயில் போடும் டியூப் வழியாகக் கிருமி நுழைந்து பலர் இறந்துகொண்டிருந்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த பீட்டர் புரோனோவோஸ்ட் ஐந்தே வரிகளில் ஒரு பட்டியல் போட்டார். கை கழுவு, கிருமிநாசினியால் தோலைத் துடை, ஆளை முழுக்க மூடும் துணியும் மாஸ்க்கும் போடு, தொடைப் பக்கத்தில் முடிந்தவரை குத்தாதே, தேவையில்லாத டியூபை எடுத்துவிடு. நூறுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதை நடைமுறைப்படுத்தியபோது, ஆயிரம் டியூப் நாட்களுக்கு 2.7 என்று இருந்த தொற்றின் இடைநிலை அளவு பூஜ்யத்துக்கு வந்தது. 2006-ல் முடிவு வெளிவந்ததும் உலகம் முழுக்கப் 'பட்டியல் உயிரைக் காக்கிறது' என்று பேசினார்கள்.

பட்டியல் மட்டுமா காத்தது? துணி ஒரு இடத்திலும் மருந்து இன்னொரு இடத்திலும் இருந்தால் டாக்டர் ஒன்றை விட்டுவிடுவார் என்று, எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் வைத்தார்கள். டாக்டர் ஒரு படியைத் தவறவிட்டால் 'நிறுத்துங்க' என்று சொல்லும் உரிமையை நர்சுக்குக் கொடுத்தார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் ஒரு ஜூனியர் நர்ஸ் தலைமை டாக்டரைப் பார்த்து அப்படிச் சொல்வதைக் கற்பனை செய்து பாருங்கள், எது கடினம் என்று புரியும். மாதாமாதம் தொற்றுக் கணக்கைக் கையில் கொடுத்து, போன மாதத்தோடு ஒப்பிடச் சொன்னார்கள். இவையெல்லாம் சேர்ந்ததுதான் மூட்டை.

மூட்டை இல்லாமல் காகிதம் மட்டும் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் ஒன்டாரியோ சாட்சி. அங்கே அறுவை சிகிச்சை அரங்குகளில் சரிபார்ப்புப் பட்டியலைப் பயன்படுத்தி அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி வந்தது. நூற்றுச் சொச்சம் ஆஸ்பத்திரிகளின் கணக்கைப் பட்டியல் வருவதற்கு முன், வந்த பின் என்று ஒப்பிட்டு 2014-ல் வெளியிட்டபோது, இறப்பிலும் சிக்கல்களிலும் குறிப்பிடும்படியான குறைவு இல்லை. பயன்படுத்துவதாகச் சொன்ன ஆஸ்பத்திரிகள் ஏறக்குறைய எல்லாமே. கட்டங்களில் டிக் அடிப்பது மிகச் சுலபம் என்பது, எந்த அரசு அலுவலகத்திலாவது படிவம் நிரப்பியவருக்குத் தெரியும்.

இடம் மாறும்போது சான்றே தலைகீழாகிவிடுவதும் உண்டு. இதை அதிகம் பேர் பேசுவதில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரு டாக்டர்கள், குறைமாதத்தில் வலி எடுத்த தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்கிறது என்று 1972-ல் காட்டினார்கள். ஆட்டுக் குட்டிகளில் தொடங்கிய ஆய்வு. அடுத்தடுத்த ஆய்வுகளும் அதையே சொன்னன. ஆனாலும் பிரசவ டாக்டர்கள் இருபது ஆண்டு தயங்கினார்கள். 1994-ல் அமெரிக்காவில் வல்லுநர் குழு கூடித் தீர்மானம் போட்ட பிறகே அது பரவலானது. அதற்குள் எத்தனை குழந்தைகள் போயினவோ. ஆய்வுகளைத் திரட்டிச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, இந்த ஊசியைப் பற்றிய ஆய்வுகளின் வரைபடத்தையே தன் சின்னமாக வைத்துக்கொண்டது, மறக்கக் கூடாது என்பதற்காக.

கதை அதோடு முடிந்தால் 'தயங்காதே, உடனே செய்' என்பதே பாடமாகியிருக்கும். இவ்வளவு மலிவான ஊசியைக் கிராமத்துக்கும் கொண்டுபோகலாமே என்று ஆறு நாடுகளில் பெரிய ஆய்வு நடந்தது. இந்தியாவில் பெலகாவியும் நாக்பூரும் அதில் இருந்தன. ஏறக்குறைய ஒரு லட்சம் பிறப்புகள். 2015-ல் வந்த முடிவு எல்லாரையும் திடுக்கிட வைத்தது: ஊசியைப் பரப்பிய பகுதிகளில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 27.4 பேர் 28 நாட்களுக்குள் இறந்தார்கள், மற்றப் பகுதிகளில் 23.9. அதாவது அதிகம் இறந்தார்கள். ஸ்கேன் வசதி இல்லாத இடத்தில் எத்தனை வாரக் கர்ப்பம் என்று சரியாகத் தெரியவில்லை. அதனால் ஊசி போட்டுக்கொண்ட பல தாய்மாருக்குக் குழந்தை குறைமாதத்தில் பிறக்கவே இல்லை. தாய்க்குக் கிருமித் தொற்று கூடியதற்கும் அறிகுறி இருந்தது. பிறந்த குறைமாதக் குழந்தையைக் காப்பாற்றும் வசதியும் ஆக்லாந்தில் இருந்ததுபோல இல்லை.

அப்படியானால் ஏழை நாடுகளுக்கு இந்த ஊசி ஆகாதா? இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளில், ஸ்கேனும் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவும் இருக்கும் ஆஸ்பத்திரிகளில் மட்டும் வைத்து ஆய்வு செய்தார்கள். 2020-ல் வந்த முடிவு: ஊசி போடாதவர்களின் குழந்தைகளில் 23.5 சதவீதம் இறந்தன, போட்டவர்களுடையதில் 19.6 சதவீதம். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். ஊசி அதேதான். அது வேலை செய்ய ஒரு ஸ்கேன் மெஷினும் ஒரு குழந்தைகள் வார்டும் பக்கத்தில் தேவைப்பட்டன.

இப்போது நம் ஊழியரிடம் திரும்பிவருவோம்.

காசநோய்க்குச் சிகிச்சை தொடங்கியும் சிலர் இறந்துபோகிறார்கள். அந்த இறப்புகளில் பெரும்பகுதி முதல் இரண்டு மாதத்துக்குள் நடக்கிறது. மருந்து கிருமியைக் கொல்லத் தொடங்கியிருக்கும், ஆனால் உடம்பு அதற்குள் வற்றிப்போயிருக்கும். அவர்களை முன்கூட்டியே அடையாளம் கண்டு படுக்கையில் சேர்த்தால் பலரைக் காப்பாற்றலாம். இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு நோயாளியையும் முழுமையாக மதிப்பிட்டு ஆளுக்கேற்றபடி கவனிக்க வேண்டும் என்று 2021-ல் தேசிய வழிகாட்டுதலே வந்துவிட்டது. அது நல்ல ஆவணம். உடல் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, மற்ற நோய்கள் என்று விரிவாகச் சொல்கிறது. ஆனால் சளிப் பரிசோதனை முடிந்த அன்றே, எல்லாருக்கும், எல்லாவற்றையும் எங்கே செய்வது? ரத்தப் பரிசோதனைக்கு வெறுவயிற்றில் வா, ரிப்போர்ட்டுக்கு நாளைக்கு வா என்றால், அந்த நாளைக்கு வர முடியாதவர்கள்தான் இறக்கப்போகிறவர்கள்.

தமிழ்நாட்டில் மாநிலக் காசநோய்ப் பிரிவும், சென்னையில் இருக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் சேர்ந்து கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். எல்லாருக்கும் எல்லாம் என்பதை விட்டுவிட்டு, எல்லாருக்கும் ஐந்து, அதில் தேறாதவருக்கு மட்டும் எல்லாம் என்றார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 14-க்கும் கீழே போயிருந்தால் அபாயம். ஐந்தேகால் அடி உயரமுள்ள ஒருவர் 36 கிலோகூட இல்லை என்று அதற்கு அர்த்தம். அந்த எண் 16-க்குக் கீழே இருந்து, காலும் வீங்கியிருந்தால் அப்போதும் அபாயம். நிமிடத்துக்கு மூச்சு 24-ஐத் தாண்டினாலோ, ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே இறங்கினாலோ, ஆதரவில்லாமல் எழுந்து நிற்க முடியாவிட்டாலோ அபாயம்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடைசிச் சோதனை. அதற்குக் கருவியே வேண்டாம். மின்சாரம் போனாலும் நடக்கும், பேட்டரி தீராது. படிக்காத உறவினருக்கும் அதன் அர்த்தம் புரியும். 'உங்க அப்பாவுக்கு பி.எம்.ஐ. கம்மி' என்றால் மகன் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். 'பிடிக்காம எழுந்திரிக்க முடியலை பாருங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க' என்றால் நின்று கேட்பார்.

சோதனையோடு முடிந்துவிட்டால் அது ஒன்டாரியோப் பட்டியல்தான். ஊழியர் அபாயம் என்று எழுதிக் கொடுத்தவர் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் பஸ் பிடித்துப் போய், அங்கே கட்டில் இல்லை என்று சொன்னால் திரும்பி வந்துவிடுவார். அதனால் எந்தெந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, அங்கே யார் பொறுப்பு என்று முன்கூட்டியே தீர்மானித்தார்கள். சேர்த்த பிறகு சாப்பாடு கொடுப்பதிலும் நிதானம் வேண்டும். நெடுநாள் பட்டினியில் உலர்ந்த உடம்புக்கு ஒரேயடியாக ஊட்டினால் ரத்தத்தில் உப்புச் சத்துகள் தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். யாரைச் சோதித்தார்கள், யார் சேர்ந்தார்கள், யார் சேரவில்லை என்பதைப் பதிவுசெய்ய ஒரு செயலி இருக்கிறது. மாவட்ட அதிகாரிகள் இறப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறார்கள். தள்ளுவண்டி, நர்சின் உரிமை, மாதக் கணக்கு: மிச்சிகன் மூட்டையில் இருந்தவற்றுக்கு இங்கே இவை ஈடு.

பலன் எப்படி? பல மாவட்டங்களில் தொடக்ககால இறப்பு குறைந்திருப்பதாக அறிக்கைகள் சொல்கின்றன. நல்ல செய்தி. ஆனால் ஒரு எச்சரிக்கை: இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை. மாநிலத்தில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் தொடங்கியதால், திட்டம் இல்லாத இன்னொரு தமிழ்நாட்டை வைத்து ஒப்பிட முடியாது. முந்தைய ஆண்டுகளோடுதான் ஒப்பிட வேண்டும். அந்த முந்தைய ஆண்டுகளில் கொரோனாவும் இருந்தது. இதற்காகத் திட்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, எண்ணைப் பார்க்கும்போது எதை எதனோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்கும் பழக்கம் இருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன். முடியாதவரைக் கண்டுபிடித்துக் கட்டிலில் சேர்ப்பதற்குப் பெரிய நிரூபணமும் தேவையில்லை. அது தப்பாமல் நடக்கிறதா என்பதே இங்கே கேள்வி.

இனி சாப்பாடு. 1959-ல் சென்னை முடிவுகளைப் படித்தவர்களில் பலர், அரைவயிற்றோடு வீட்டில் இருந்தவர்களும் குணமானார்கள் என்றால் சத்துணவு முக்கியமில்லை, மருந்தே போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆய்வு சொன்னது அது இல்லை. நல்ல மருந்தை விடாமல் சாப்பிட்டால், மோசமான உணவுச் சூழலிலும் கிருமி அடங்குகிறது என்பது மட்டுமே அதன் முடிவு. நல்ல சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியதையும் அதே ஆய்வு பதிவுசெய்திருந்தது. அதைப் பற்றி அப்போது யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. இங்கும் மலிவான பாதிதான் எடுத்துக்கொள்ளப்பட்டது.

அறுபது ஆண்டு கழித்து ஜார்க்கண்டில் அந்தக் கேள்வியை மறுபடி கேட்டார்கள். டாக்டர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் முன்னின்ற 'ரேஷன்ஸ்' என்ற அந்த ஆய்வில் சென்னையின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்திருந்தது. 2,800 நோயாளிகள், அவர்களுடைய வீட்டார் 10,345 பேர். நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் எடைக் குறைவு. நோயாளிக்கு மாதம் 10 கிலோ உணவுக் கூடை: அரிசி, பால் பவுடர், வறுத்த கடலை மாவு, எண்ணெய். பாதிப் பகுதிகளில் வீட்டில் உள்ளவர்களுக்கும் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ துவரம் பருப்பும் சத்து மாத்திரையும். 2023 ஆகஸ்டில் வெளிவந்த முடிவு: வீட்டாருக்கும் உணவு கொடுத்த பகுதிகளில் அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது, சளியில் கிருமி தெரியும் நுரையீரல் காசநோய் 48 சதவீதம். அரிசியும் பருப்பும் கிட்டத்தட்ட ஒரு தடுப்பூசியைப்போல வேலை செய்திருக்கின்றன.

இதற்கு அரசு ஓரளவு செவிசாய்த்தது. 2018-லிருந்து நோயாளியின் வங்கிக் கணக்குக்கு மாதம் 500 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ஆனது. ஆனால் ஜார்க்கண்டில் கொடுத்தது பணம் இல்லை, அரிசியும் பருப்பும். வீட்டாருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள், மாதாமாதம் தவறாமல் கொடுத்தார்கள். பணம் இரண்டு மாதம் தாமதமாக வந்து, அதற்குள் மளிகைக் கடைக் கடனுக்கோ பிள்ளையின் ஃபீசுக்கோ போய்விட்டால், ஆய்வில் நடந்தது இங்கே நடக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். மூட்டையிலிருந்து கண்ணில் படும் பொருளை எடுக்கும் பழைய பழக்கம் மறுபடி வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது காசநோய் என்று தெரிந்தால், மருந்து தொடங்கும் அன்றே எடை பார்த்தார்களா, மூச்சு எண்ணினார்களா, எழுந்து நிற்கச் சொன்னார்களா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால், செய்யச் சொல்லிக் கேட்கலாம். தனியார் டாக்டரிடம் பார்த்தாலும் கேட்கலாம், ஐந்து நிமிட வேலைதான். தொடக்க எடையை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள், இரண்டு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது என்பதும் ஜார்க்கண்ட் ஆய்வில் தெரிந்ததுதான். நாற்பது கிலோ இருக்கிற ஒருவருக்கு அது இரண்டு கிலோ.